வளந்த பிள்ளைங்களோட டூர் - காசுக்குப் பிடிச்ச கேடா?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. வூட்ல ஒரு மாசமா பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துக்கிட்டிருக்கு :)

விஷயம் இதான். சிறுகச் சிறுகச் சேத்தது ஒண்ணரை லட்சம் இருக்கு. பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், பொண்ணு ப்ளஸ் ஒன். மே கடைசியில நாலு பேரும் சேந்து ஒரு டூர் போலாமா, வேணாமா? நான் போலாம் கட்சி. தங்கமணி எதிர்க்கட்சி. பக்கத்து வூட்டு அண்ணாத்தே வெளியிலிருந்து எதிர்க்கட்சிக்கு ஆதரவு. "இன்னாபா, காச கொண்டும்போய் கடல்ல கொட்டப் போறியாமே?"

எதிர்க்கட்சி சொல்ற மொத பாயிண்ட்டு: "சின்னப் பசங்களா இருந்தா ஆசையாக் கூட்டிட்டுப் போலாம். இதுங்க ரெண்டும் நம்ம தோளுக்கு மேல வளந்துடுச்சுங்க. இப்ப எதுக்கு?"

காசுக் கணக்குல பாத்தா இது ஞாயம்தான். ரயில்ல அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட்டே கிடையாது. அஞ்சுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும், தனி பெர்த் கேக்கலைன்னா அரை டிக்கெட். பன்னெண்டு தாண்டுச்சுன்னா முழு டிக்கெட். லாட்ஜ்லயும் ஒரே ரூம்ல நாலு பேரும் முடங்க முடியாது, ரெண்டு ரூம் போடணும். சாப்பாட்டைப் பத்திக் கேக்கவே வேணாம், பையன் ஒருத்தனே ரெண்டு ஆள் சாப்பாடு.

ஆனா என் கணக்கு வேற. நாலு வயசுப் புள்ளைய எங்க தூக்கிட்டுப் போனாலும் அதுக்கு ஞாபகம் இருக்கப் போறதில்ல. போட்டோ பாத்துதான் தெரிஞ்சுக்கும். அந்த வயசு டூர் நமக்காகப் போறது. பதினாறு வயசுல பாத்தது சாகுற வரைக்கும் மறக்காது. பாத்ததைப் பத்திக் கேள்வி கேக்கும், சண்டை போடும்.

அடுத்து, லீவை எண்ணிப் பாருங்க. பொறந்ததுலேர்ந்து காலேஜ் முடியிற வரைக்கும் இருபத்திச் சொச்சம் கோடை லீவு. மொத அஞ்சு ஞாபகத்துல இல்ல. பத்தாவதுக்கு ஒண்ணு, ப்ளஸ் டூவுக்கு ஒண்ணு போச்சு. அடுத்த மே மாசம் எம் பொண்ணுக்கு ரிசல்ட்டு, கவுன்சிலிங்குன்னு ஓடும். பையனுக்கு வேலை கெடைச்சா பெங்களூரோ புனாவோ, யாருக்குத் தெரியும். நாலு பேருக்கும் ஒண்ணா லீவு கெடைக்கிற மே மாசம் இனிமே எத்தினி இருக்கு? எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான் கேரண்டி. காசை அடுத்த வருஷமும் சேக்கலாம், இந்த மே மாசத்தை சேத்து வைக்க முடியாது.

அண்ணாத்தே அடுத்த அஸ்திரம் விட்டார். "கடலோரத்துலயே இருக்க. சொந்தக்காரன்லாம் கடல் பாக்க இங்க வரான். நீ எங்க போற?"

திருவொற்றியூர்க்காரங்க சிரிச்சிருப்பீங்க. நம்ம கடல் எந்தக் கடல்? ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் முக்கால்வாசி இடத்துல கருங்கல்லைக் கொட்டித்தான கடலைத் தடுத்து வச்சிருக்காங்க. துறைமுகத்துக்குச் சுவர் கட்டினப்புறம் தெக்கேர்ந்து வந்த மணல் அங்கயே தேங்கிடுச்சு. மெரினா அகலமாச்சு, வடக்கே நம்ம கரைய கடல் அரிச்சுடுச்சு. மெரினாவுக்கு மணலைக் கொடுத்ததும் துறைமுகம்தான், நமக்குப் பாறையக் கொடுத்ததும் அதே துறைமுகம்தான். எம் பொண்ணு கடலோரத்துலயே வளந்தவ, ஆனா இங்க மணல்ல செருப்பில்லாம நடந்தது கொஞ்சம்தான். இந்தப் புகையும் கண்டெய்னர் லாரி க்யூவும் இல்லாம ஒரு நாலு நாள் அவங்க மூச்சு விடட்டுமேன்னு எனக்கு ஆசை.

சரி, இதெல்லாம் சென்டிமெண்ட். இப்ப எதிர்க்கட்சித் தலைவியோட நிஜமான பாயிண்ட்டுக்கு வரேன். இதுக்கு எங்கிட்ட எதிர்வாதம் கிடையாது. "2023 டிசம்பர் மறந்து போச்சா?"

யாருக்கு மறக்கும்? மிக்ஜாம் புயல்ல வந்த வெள்ளத்தோட எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேந்து வந்துச்சு. முகத்துவாரத்துல வலையும் படகும் கறுத்துப் போச்சு. அதே மாசம் 26ஆம் தேதி நடுராத்திரி பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிஞ்சு, ஜனங்க கட்டின துணியோட ஓடுனாங்க. இந்த ஏரியால குடியிருக்கிறவன் கையில திடீர்ச் செலவுக்குக் காசு இல்லாம இருக்கவே கூடாது. இது மத்த ஊரு ஆளுங்க சொல்ற எமர்ஜென்சி ஃபண்டு மாதிரி புஸ்தகச் சமாச்சாரம் இல்ல.

அதனால ஒண்ணரை லட்சத்தை மூணாப் பிரிச்சோம். பையனோட ஃபீஸுக்கு 45,000. வெள்ளக் காசு 50,000, இதை யாரும் தொடக்கூடாது. மிச்சம் 55,000, டூருக்கு அது மட்டும்தான். மொத ரெண்டு டப்பாவும் ரொம்பினப்புறம் மூணாவதுல ஏதாவது இருந்தா கெளம்பு, இல்லேன்னா வூட்ல இரு. டூருக்குன்னு கடன் வாங்குறது, கார்டுல தேய்ச்சுட்டு இஎம்ஐ கட்டுறது - இதுல நானும் எதிர்க்கட்சிதான். நாலு நாள் சுத்திட்டு நாப்பது மாசம் கட்டணுமா? கம்பெனில பெர்மனெண்ட்டா இருக்கிறவங்க எல்டிஏவை மட்டும் பாத்துக்குங்க. நாலு காலண்டர் வருஷத்துல ரெண்டு தடவை, இந்தியாவுக்குள்ள, டிக்கெட் காசுக்கு மட்டும் வரிவிலக்கு. லாட்ஜு, சாப்பாட்டுக்குக் கிடையாது. புது வரிமுறைக்கு மாறியிருந்தா அதுவும் கிடையாது.

இன்னொண்ணையும் சொல்லணும். நம்ம தெருவுல எல்லாரும் இந்த விவாதத்தையே பண்ண முடியாது. காசிமேட்டு விசைப்படகுக் குடும்பங்களைப் பாருங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. பசங்களுக்கு லீவு விடுற நேரம் பாத்து அப்பாவுக்கு வருமானம் நிக்குது. நேரம் இருக்கு, காசு இல்ல. காண்ட்ராக்ட்ல வேலை பாக்குறவனுக்கு நாலு நாள் லீவுன்னா நாலு நாள் கூலி கட். டிக்கெட் காசோட அதையும் கூட்டித்தான் அவன் கணக்குப் போடணும். அவங்களுக்கு நான் அட்வைஸ் பண்ண வரல. பழவேற்காடு பஸ்ஸுல போய்ட்டு சாயந்திரம் வந்துடற தூரம்தான். ஏரி இருக்கு, டச்சுக்காரங்க கல்லறை இருக்கு. ஒரு நாள் போனாலும் நாலு பேரும் சேந்து போனதுதான் கணக்கு.

"வளந்த பசங்க கூட வந்தாலும் செல்லைத்தான் நோண்டும்"னு சொல்றீங்களா? கரெக்ட். நாம பிளான் போட்டு இழுத்துட்டுப் போனா அப்படித்தான் நடக்கும். அதனால 55,000ங்கிற நம்பரை ரெண்டு பேர் கையிலயும் குடுத்துட்டேன். எங்க வேணா போலாம், ஒரு ரூவா தாண்டக்கூடாது.

பையன் அந்தமான்னான். "நைனா, ஆர்பர்ல கிளியரிங் வேலை பாக்குற, ஒரு தபாவாவது எங்களக் கப்பல் ஏத்துனியா?" நியாயமான கேள்வி. சென்னைலேர்ந்து போர்ட் பிளேருக்கு (2024லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம்) பயணிகள் கப்பல் நம்ம துறைமுகத்துலேர்ந்துதான் கெளம்புது. ஆனா போறதுக்கே ஏறக்குறைய மூணு நாள். திரும்ப பிளேன்ல வரணும்னா நாலு முழு டிக்கெட். பொண்ணு நோட்டை எடுத்துக் கூட்டிப் பாத்துட்டு, "அண்ணா, இது தாங்காது"ன்னுட்டா. அவ பிளான் ராமேஸ்வரம். ராத்திரி ரயில், 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாம்பன் பாலம், அப்புறம் 1964 புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடி. "அங்க மணல் இருக்குப்பா"ன்னா. இதுக்கு மேல நான் என்ன பேச?

இப்ப அண்ணனும் தங்கச்சியும் லாட்ஜ் ரேட்டு, ஆட்டோ, மதியச் சாப்பாடுன்னு பைசா பைசாவா கொறைச்சுக்கிட்டிருக்காங்க. சம்பாதிக்கப் போற வயசுல இருக்கிற புள்ளைங்களுக்கு, வூட்டுக் காசு எவ்ளோ, எது எதுக்குப் போவுதுன்னு தெரியிறது சின்ன விஷயம் இல்லீங்க. அந்தப் பாடத்துக்கு நான் தனியா ஃபீஸ் கட்டல. டூருக்கு முன்னாடியே பாதிக் காசு வசூலாயிடுச்சுன்னு நெனைக்கிறேன்.

தங்கமணி ரெண்டு டப்பாவையும் தன் கைக்கு மாத்தி வாங்கிக்கிட்டு, வெளிநடப்பு பண்ணாம ஆதரவு குடுத்துட்டாங்க. இப்பல்லாம் 60 நாள் முன்னாடிதான் ரயில் புக்கிங், அதனால மார்ச் கடைசியில உக்காரணும்.

வளந்த பசங்களோட போய்ட்டு வந்தவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. வேணாம்னு நெனைக்கிறவங்களும் வாங்க, கும்மி இல்லாம அடிச்சுக்கலாம்.

டிஸ்கி: அண்ணாத்தே கடைசியா கேட்டது, "ராமேஸ்வரத்துல நல்ல கருவாடு கெடைக்குமாமே, ஒரு கிலோ வாங்கியா." 55,000ல அது வராதுன்னு பொண்ணு சொல்லிட்டா :)