வாசக மேடையில் நிற்பவர்

சென்ற ஆண்டு தூய ஆவிப் பெருவிழா ஞாயிறன்று, பாளையங்கோட்டைக்கு அருகில் ஒரு பங்குக் கோயிலில், நண்பர் இல்லத்தாரோடு திருப்பலிக்குச் சென்றிருந்தோம். முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் நூலின் இரண்டாம் அதிகாரம். எருசலேமில் திரண்டிருந்த பல நாட்டாரும் தத்தம் தாய்மொழியில் செய்தியைக் கேட்டு வியந்த இடம். பிரிகியா, பம்பிலியா என்ற பெயர்கள் வந்ததும் வாசித்த மாணவி தடுமாறினாள். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. எஞ்சிய வரிகளை அவள் ஓடியே கடந்தாள். பெயர்ப் பட்டியலில் இருந்தவர் வராமையால், மணியடித்த பிறகே அவள் கையில் புத்தகம் திணிக்கப்பட்டது எனப் பின்னர் அறிந்தோம்.

குறை அவளுடையதன்று. முதுகலைத் தமிழ் வகுப்பிலேயே ஒரு பக்க உரைநடையைப் பிழையின்றி உரக்கப் படிப்போர் சிலரே என்பது நம் அனுபவம். பவுலடியாரின் நீண்ட வாக்கியத்தில் வினைமுற்று எங்கோ இறுதியில் காத்திருக்கும். அதை முன்னரே கண்டுகொள்ளாதவருக்கு எங்கே மூச்சு விடுவதென்று தெரியாது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு எளிய தமிழைக் கொடுத்தது. ஆனால் அச்சிலுள்ள தமிழைச் செவிக்குக் கொண்டுசேர்ப்பவர் அந்த மேடையில் நிற்பவரே. இலத்தீனில் நடந்த வழிபாட்டில், பொருள் அறியாமலே மறுமொழிகளை மனப்பாடம் செய்த பீடச் சிறுவர்களின் காலம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு முடிந்தது. பொருள் அறியாது வாசிப்பது மட்டும் தமிழில் தொடரலாமா?

இவ்வட்டாரத்தில் பொதுநிலையினரின் வழிபாட்டுப் பணி புதிதன்று. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின், குருக்கள் அரிதாக வந்துபோன பல பத்தாண்டுகளில், ஊர்களில் செபம் சொல்லியும் இறந்தோரை அடக்கம் செய்தும் சமயத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களே. கோயில்பிள்ளை என்ற பணிப்பெயர் இங்கே மக்களின் இயற்பெயராகவே ஆகிவிட்டது.

ஆயினும் இப்பெருமையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பணி என்பது உரிமையாகவும் மரியாதையாகவும் மாறும்போது என்ன நேரும் என்பதற்கு வடக்கன்குளம் சான்று. அங்கே 1872இல் எழுந்த கோயில் சாதிக்கொரு கூடமாக, இடையே சுவரோடு கட்டப்பட்டது. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. பிரிவினையை மீட்கத் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இவ்வரலாற்றை விரிவாகப் பேசும். சுவர் போயிற்று. ஆனால் எந்த ஊரிலும் வாசகப் பட்டியல் ஒருசில வீடுகளுக்குள்ளேயே சுற்றிவருமானால், கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று நிற்கிறது என்றே கொள்வோம்.

வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பொதுநிலையினருக்குத் திறந்துவிட்டார். ஆனால் ஆண்களுக்கு மட்டும். பெண்களையும் அப்பணிகளில் முறைப்படி நியமிக்க வழிசெய்த பிரான்சிசின் மடல் வந்தது 2021 சனவரியில். அதற்குப் பல்லாண்டு முன்னரே நம் ஊர்ப் பெண்கள் மேடையேறி வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

தன்னார்வத்தோடு வருபவரிடம் பயிற்சி, ஒத்திகை என்று கெடுபிடி செய்தால் யார் வருவார் என நண்பர் கேட்டார். பாடகர் குழுவும் தன்னார்வக் குழுதானே? அவர்கள் சனிக்கிழமை மாலை ஆர்மோனியத்தோடு கூடிப் பயில்வதை எவரும் கெடுபிடி என்பதில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் முன்பே வகுக்கப்பட்டவை. எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்பது நாட்காட்டியிலேயே உண்டு. அன்பியத்திற்கு முறை வரும்போது, புதன்கிழமையே வாசகத்தைக் கொடுத்து, ஒருமுறை ஒலிவாங்கிமுன் படிக்கச் செய்ய அரைமணி நேரம் போதும். பங்கிலுள்ள தமிழாசிரியர் ஒருவர் உடனிருந்தால் ழகரமும் நிறுத்தமும் திருந்தும். எம் போன்றோர் கவியரங்குகளில் செலவிடும் மாலைகளில் ஒன்றை இதற்குத் தரலாம். சமயம் வேறாயினும் தமிழ் ஒன்றுதானே.

அந்த மாணவி அதன்பின் மேடைப்பக்கம் போவதேயில்லையாம். அவளை மறுபடி அழைப்பது யார் பொறுப்பு என்று நண்பரைக் கேட்டோம். அன்பியத் தலைவியிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.