அந்த இரவில் என்ன எழுதினார்கள்?

108 ஆம்புலன்ஸ் 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்றுதான் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஊர்த் தெருவுக்குத் தார்ச்சாலை, சேரிக்கு மண்பாதை என்றிருக்கும் இடங்களில் அந்த நிமிடங்களிலும் சாதி இருக்கிறது. ஆனால் சாதிவெறியர்களிடம் அடிபட்டு அந்த வண்டியில் ஏற்றப்படுகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் முக்கியம். மருத்துவமனையில் என்ன எழுதினார்கள்?

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழைந்ததும் பணியில் உள்ள மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்வது இதன் நகலைத்தான். எப்போது, எங்கே, எதனால், எத்தனை பேரால் காயம் ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது, அவர்கள் தெரிந்தவர்களா தெரியாதவர்களா, அழைத்து வந்தவர் யார் என்பதெல்லாம் அதில் வரும். காவல் நிலையத்துக்குத் தகவல் போவதும் அங்கிருந்துதான். பல வழக்குகளில் முதல் தகவல் அறிக்கைக்கு முன்பே உருவாகிவிடும் ஆவணம் இது.

சில ஆண்டுகள் கழித்து வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுப்பதும் இதையே. "ஏ.ஆரில் நான்கு பேர் என்றிருக்கிறது, புகாரில் ஏழு பேர் எப்படி வந்தார்கள்?" "தவறி விழுந்ததாக எழுதியிருக்கிறதே?" அடிபட்டவர் அன்று மயங்கிக் கிடந்திருப்பார். கூட வந்தவர் பதற்றத்தில் வாய்க்கு வந்த எண்ணிக்கையைச் சொல்லியிருப்பார். சில இடங்களில் ஊர்ப் பெரிய மனிதரே வண்டிவரை வந்து, "கேஸ் ஆக்காதே, விழுந்துட்டான்னு சொல்லு" என்று மிரட்டி அனுப்பியிருப்பார்.

நிவாரணமும் காகிதத்தை நம்பித்தான் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016 திருத்தப்படி கொலைக்கு 8.25 லட்சம் ரூபாய். அதில் பாதியை உடற்கூறாய்வு முடிந்ததும் தர வேண்டும். வல்லுறவுக்கு உள்ளான பெண்ணுக்கு முதல் தவணை, மருத்துவப் பரிசோதனையும் அதை உறுதிசெய்யும் அறிக்கையும் வந்த பிறகு. 1995 விதிகளில் 11ஆவது விதி, விசாரணைக்குப் போய்வரும் பயணச் செலவோடு மருந்து, இரத்தம், மாற்றுத்துணி, உணவு, பழம் வரை செலவைத் திருப்பித் தரச் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்? ரசீதைப் பத்திரமாக வை என்று சொல்ல அந்த வார்டில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே, தோழர்களே, ஒவ்வொரு சேரியிலும் இரண்டு மூன்று பேராவது இதைக் கற்றிருக்க வேண்டும். வண்டியில் நிதானமான ஒருவர் ஏற வேண்டும். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்ல வேண்டும். ஊகித்துச் சொல்லும் எண் பின்னாளில் நம்மையே குத்தும். மருத்துவர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கறை படிந்த துணியைத் துவைக்காதீர்கள். "போலீஸ் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது என்று சொல்லுங்கள். உயிரைக் காப்பதுதான் முதலில், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும்.

இவ்வளவையும் அடிபட்டவர்கள் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. அரசிடம் நாம் கேட்பது மூன்று. ஏ.ஆர். நகலை அன்றைக்கே பாதிக்கப்பட்டவரிடமோ குடும்பத்திடமோ தர வேண்டும். அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் 108 பணியாளர்களுக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பயிற்சி தர வேண்டும். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாத சேரிகளைப் பட்டியலிட்டு, அந்தப் பாதைகளை முதலில் போட வேண்டும். அடுத்த கிராமசபையில் மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுபோவோம்.