‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’: இழந்தவர் யார்?

விரைப்புற்றுநோய் என்றவுடன் நம் கருத்தரங்குகளில் ஒரே வெற்றிக்கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கூட்டுமருந்தை அளித்தார். ஜான் கிளீலண்ட் என்ற மாணவர் பிழைத்தார். அதே இனக் கட்டி நெஞ்சுக்கூட்டில் தோன்றிய யுவராஜ் சிங், 2012இல் அதே ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்று, அவ்வாண்டு செப்டம்பரிலேயே சென்னையில் மட்டை பிடித்தார். கதை உண்மைதான். ஆனால் சிகிச்சைக்குப் பின் யுவராஜைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. ஆதிலாபாத்திலிருந்து ஐதராபாத் வந்து மருந்தேற்றிக்கொண்டு திரும்பும் இருபத்தைந்து வயதுக் கட்டடத் தொழிலாளியை யார் தேடுகிறார்கள்?

அவருக்கென்று ஆய்வுக்கட்டுரைகள் ஒரு தொடரை வைத்திருக்கின்றன: ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’. மொழியியல் படித்தவர் எவரும் இதன் செயப்பாட்டுவினையைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இழக்கப்பட்டவர் இருக்கிறார், இழந்தவர் இல்லை. (காசநோய்த் துறையில் வழங்கிய ‘டிஃபால்ட்டர்’ என்ற கடன்காரச் சொல்லை உலக சுகாதார நிறுவனம் 2013இல் கைவிட்டு, இதையே அதனிடத்தில் வைத்தது. வசை போயிற்று, எழுவாய் வரவில்லை.)

இது வெறும் சொற்சண்டை அன்று. கப்லான்-மேயர் வரைபடம், காணாமற்போனவருக்கும் வந்துகொண்டிருப்பவருக்கும் ஒரே அளவு ஆபத்து என்று கொள்கிறது. கூலியை இழந்து பேருந்தேற முடியாதவரும், நோய் முற்றி எழ முடியாதவரும் அந்தக் கருதுகோளுக்குள் அடங்குவார்களா? அடங்காவிட்டால் நாம் மேற்கோள் காட்டும் பிழைப்பு விகிதம் எவருடையது?

இந்நோய் மீள்வது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான். ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் அதைக் காலத்தே காட்டிவிட்டால், மீண்டும் குணப்படுத்தப் பெரும் வாய்ப்பு உண்டு. புற்றுநோய்களில் இது அரிது. ஆகவேதான் இங்கே ஒருவரைத் தவறவிடுவது கூடுதல் குற்றம். காது மந்தம், விரல்நுனி மரத்தல், மலட்டுத்தன்மை, பின்னாளில் இதயநோய் ஆகியவற்றையும் யாரேனும் கேட்டறிய வேண்டும். மருந்தேற்றும் முன்பே விந்தணுவைச் சேமிக்கலாம் என்பதைத் திருமணமாகாத இளைஞனிடம் அவன் மொழியில் சொல்ல வேண்டும். தெலுங்கும் உருதும் பேசுபவன் கையில் ஆங்கிலச் சுருக்கக்குறிப்பைத் திணித்துவிட்டு, ‘அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதுவது இன்னொரு செயப்பாட்டுவினை.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பர். ஒப்புக்கொள்கிறேன். தொலைபேசியில் அழைக்க மருத்துவர் தேவையில்லை. சம்பளம் பெறும் ஒரு சமூகப் பணியாளர் போதும். ஆய்வாளர்களிடம் கேட்பது அதனினும் எளிது: எத்தனை பேரை இழந்தீர்கள், எத்தனை முறை அழைத்தீர்கள், ஏன் வரவில்லை என்றார்கள் என்பதை முதல் அட்டவணையிலேயே எழுதுங்கள். எழுதாத கட்டுரையை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பட்டும்.