முழங்காலைக் கேட்டு வாங்குங்கள்!

செருப்பு வாங்கினால் போட்டு நாலடி நடந்து பார்க்கிறோம். நாற்காலி வாங்கினால் உட்கார்ந்து பார்க்கிறோம். பல வருடங்கள் தினமும் உட்காரப்போகும் கம்மோடை மட்டும் கண்ணால் பார்த்தே வாங்கிவிடுகிறோம். இது என்ன நியாயம்?

எங்கள் புதுச்சேரியில் இப்போது பல வீடுகளில் குளியலறையைப் புதுப்பிக்கிறார்கள். பாரீசில் இருக்கும் மகன் கைப்பேசியில் படம் பார்த்து, "இதுதான் அழகா இருக்கு, இதையே போடுங்க" என்கிறான். பணமும் அனுப்புகிறான். பாசத்தில் குறையில்லை. ஆனால் உட்காரப்போகிறவர்கள் எழுபத்தைந்து வயது அப்பாவும் மூட்டுவலிக்கார அம்மாவும் அல்லவா? அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

"குந்தி உட்காருவதே நம் வழக்கம், அதை ஏன் விட வேண்டும்?" என்று வாதாடும் நண்பர்களும் எனக்கு உண்டு. முழங்கால் மடங்குகிறவரைக்கும் சரி. மடங்காதபோது வழக்கம் வந்து கைதூக்கி விடாது. பிரெஞ்சுக்காரர்கள் குந்தும் கழிப்பறையைத் 'துருக்கிக் கழிப்பறை' என்பார்கள். நாம் உட்காருவதை 'வெஸ்டர்ன்' என்கிறோம். நம் 'கக்கூஸ்' என்ற சொல்லோ டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. ஆக, இதில் தேசப்பற்றுக்கும் இடமில்லை, நாகரிகப் பெருமைக்கும் இடமில்லை. கேள்வி ஒன்றுதான்: வீட்டில் மூத்தவர் யார் துணையுமின்றி உட்கார்ந்து எழ முடியுமா?

நான் குமாஸ்தாவாக இருந்தவன். அலுவலகத்துக்கு ஒரு பீரோ வாங்குவதானாலும் முதலில் தேவையை எழுதுவோம். பிறகுதான் விலைப்புள்ளி கேட்போம். வீட்டிலும் அதையே செய்யுங்கள்.

முதலில் உயரம். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை 15, 16 அங்குலம். எழச் சிரமப்படுகிறவருக்கு 17 முதல் 19 அங்குலம் வேண்டியிருக்கும். குள்ளமானவருக்கு அதுவே அதிகமாகி, கால் தரையில் படாமல் தொங்கும். அதனால்தான் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன். சுவரில் தொங்கும் வகையைப் பலர் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள். பொருத்தும்போதே நமக்கு வேண்டிய உயரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள நன்மை. ஆனால் தொட்டி சுவருக்குள் இருக்கும். பழுது பார்க்கத் தெரிந்த ஆள் ஊரில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்தது, கழிவு போகும் வழி. தரைக்குள் இறங்கினால் எஸ் ட்ராப், சுவர்ப்பக்கம் போனால் பி ட்ராப். எஸ் ட்ராப் என்றால் சுவரிலிருந்து குழாயின் நடுமையம் எத்தனை அங்குலம் என்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள். அளக்காமல் வாங்கினால் புது டைல்ஸை உடைக்க வேண்டி வரும்.

ஃப்ளஷ் டேங்க், சிறியதற்கு 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ளதாக இருக்கட்டும். பொத்தானை வலியுள்ள விரலால் அழுத்த முடிகிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கைப்பிடிக் கம்பி. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்று சொல்லி அதை வேண்டாம் என்கிறார்கள். கம்பி இல்லையென்றால் கிழவர் துண்டு போடும் கம்பியைத்தான் பிடிப்பார். அது அவரோடு சேர்ந்து கீழே வரும். ஆஸ்பத்திரி மாதிரி இருப்பது மேலா, ஆஸ்பத்திரியில் இருப்பது மேலா? கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாகப் பதித்து இறுக்கச் சொல்லுங்கள். கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் எப்படித் தூக்குவீர்கள்?

கழிப்பறைக்குப் போக பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்ட முதியவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் மூத்திர எரிச்சலும் மலச்சிக்கலும் வளர்கின்றன. பிறர் கை பிடிக்காமல் போய்வருவதுதான் இந்த வயதில் நமக்கு மிஞ்சியிருக்கும் மானம்.

ஆகவே, என் வயதொத்தவர்களே, அந்தக் கடைக்கு நீங்களே போங்கள். மேடைமேல் இருப்பதைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லி உட்காருங்கள். கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். கடைப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும். அவனுக்கும் ஒருநாள் முழங்கால் வலிக்கும்.