மாம்பழ வாசனையில் ஏமாந்தேன்!

எங்கள் ஊர் பெயரே சிக்கல். சிங்காரவேலர் கோயில் இருக்கிற நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கல் இல்லை. இது இராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல். குண்டு மிளகாயும் கருவேல மரமும் தவிர பெரிதாக எதுவும் விளையாத பூமி. மழை ஏமாற்றினால் ஆம்பிளைகள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் துபாயில் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவில் வருவார்.

பத்தொன்பது வயதில் பிடித்த சிகரெட் பழக்கம் அவருக்கு. கல்யாணமான புதிதில் அழுது பார்த்தேன், சண்டை போட்டேன், பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டேன்.

போன லீவில் வந்தவர், பெட்டியைத் திறந்ததும் பேனா மாதிரி ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். "சிகரெட்டை விட்டு எட்டு மாசமாச்சு. இப்ப இதுதான். இதுல புகை கிடையாது, வெறும் ஆவி" என்றார். 'வேப்' என்று பெயராம். இழுத்து விட்டால் வீடு முழுக்க மாம்பழ வாசனை! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறு வாரமே பொங்கல் வைத்து நேர்த்திக் கடனை முடித்தேன். தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

என் மாமியார் மட்டும், "புகையே இல்லேங்கிற, அப்ப வாயிலேர்ந்து வெள்ளையா வர்றது என்னடா?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியாது அத்தை, இது புது முறை" என்று நான்தான் வாயை அடைத்தேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று பிறகுதான் புரிந்தது.

பதினைந்து நாள் போனது. சாமி விளக்குப் பக்கத்தில் இருக்கிற தீப்பெட்டி காணாமல் போக ஆரம்பித்தது. பிள்ளைகளைத் திட்டினேன். ஒரு நாள் ராத்திரி கண் விழித்துப் பார்த்தால், கொல்லைப்புறத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் அந்தக் குழாய், இன்னொரு கையில் பற்ற வைக்காத சிகரெட். மூக்கில் வைத்து மோந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தார்.

"எட்டு மாசமா இந்த எழவைத்தான் இழுக்கிறேன். ஆனாலும் சோறு தின்னதும், டீ குடிச்சதும், ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் கை சிகரெட்டைத்தான் தேடுது. தீக்குச்சி உரசுற சத்தம் கேட்டாலே தொண்டை நமநமங்குது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பதினாலு வருஷத்தில் அவர் இந்தப் பழக்கத்தைப் பற்றி என்னிடம் உண்மையைப் பேசியது அன்றைக்குத்தான்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்ப என்கிட்ட பொய்தானே சொன்னீங்க?" என்று ஆடித் தீர்த்தேன். பலன் என்ன தெரியுமா? வீட்டுக்குள் குழாய், வெளியே சிகரெட் என்று இரண்டும் நடந்தது. முன்பாவது ஒரு சிகரெட் எரிந்து முடிந்தால் எழுந்து வேலையைப் பார்ப்பார். இந்தக் குழாய்க்கு முடிவே கிடையாது. டி.வி. பார்க்கும்போது, படுக்கும்போது, குளிக்கப் போகும்போது என்று எப்போதும் கையில்தான்.

எங்கள் பக்கத்து கிராம சுகாதார நர்ஸ் அக்காவிடம் மனசு விட்டுப் பேசினேன். அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. அந்தக் குழாய்க்குள் ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். அந்தத் திரவத்தில் கிளிசரின் மாதிரி ரசாயனங்கள், வாசனைச் சரக்கு, கூடவே நிகோடின். சிகரெட்டில் மனுஷனை அடிமையாக்குகிற அதே நிகோடின்தான். புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை என்பது நிஜம். ஆனால் அடிமைத்தனம் அப்படியே இருக்கும். நிகோடின் ஒரு பக்கம் கிடைத்துக்கொண்டே இருந்தாலும், கைக்கும் வாய்க்கும் டீ கிளாசுக்கும் உள்ள பல வருஷத்துத் தோஸ்து போகாது. அதனால்தான் அவருடைய சிகரெட் நினைப்பு அப்படியே இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். நம் நாட்டில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, அந்த டிசம்பரிலேயே முழுச் சட்டமாக்கி, மின் சிகரெட்டைத் தயாரிப்பது, வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார்களாம். முதல் தடவை மாட்டினாலே ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் குழாய்க்காகவா பொங்கல் வைத்தேன்!

என் கொழுந்தனார் கேட்டார்: "பெட்டிக்கடையில் சிகரெட்டை விற்க விட்டுட்டு, இதை மட்டும் தடை பண்ணுறது என்ன நியாயம் மதினி? இங்கிலாந்தில் டாக்டர்களே இதைத்தானே சிபாரிசு பண்ணுறாங்க?" நியாயமான கேள்விதான். 2019-ல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி வந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, மின் சிகரெட் கொடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 18 பேரும், நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் சுமார் 10 பேரும் சிகரெட்டை விட்டிருந்தார்களாம். மறுக்கவில்லை. ஆனால் அந்த 18 பேரில் பெரும்பாலோர், அதாவது 100-க்கு 80 வீதம், ஒரு வருஷம் ஆகியும் அந்தக் குழாயை விடவில்லை என்றும் அதே ஆராய்ச்சி சொல்கிறது. அங்கே ஆலோசனை சொல்ல ஆள் வைத்து, வாராவாரம் பார்த்துப் பேசிக் கொடுத்தார்கள். இங்கே பெட்டிக்குள் ஒளித்து வந்த சரக்குக்கு யார் பொறுப்பு? அதில் எவ்வளவு நிகோடின் என்று யாருக்குத் தெரியும்? 'அப்படியானால் சிகரெட் மட்டும் ஏன்?' என்றால், இரண்டுமே வேண்டாம் என்பதுதான் ஒரு பெண்டாட்டியின், ஒரு அம்மாவின் பதில்.

அம்மா என்று ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்தது அப்படி. எட்டாவது படிக்கிற என் மகன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அந்தக் குழாயை வாயில் வைத்திருந்தான். ஓங்கி அடிக்கக் கையைத் தூட்டிவிட்டேன். "மாம்பழ வாசனையா இருந்துச்சும்மா, சிகரெட் இல்லேன்னு நீதானேம்மா எல்லார்கிட்டயும் சொன்னே?" என்றான். தூக்கிய கை அப்படியே நின்றது. பீடி நாற்றத்துக்குக் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். மாம்பழ வாசனைக்கு ஓடுமா? அந்தத் திரவத்தைச் சின்னப் பிள்ளைகள் குடித்துவிட்டால் விஷம் என்று நர்ஸ் அக்கா சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே அதைத் தூக்கி எறிந்தார். ஆனால் தோழிகளே, எறிவது ஒரு நிமிஷ வேலை. அதற்கு அப்புறம் வந்த முதல் வாரத்தைத்தான் நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். தூக்கம் கிடையாது, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது, பிள்ளைகள் சிரித்தால் கூடக் கத்துவது. மூன்றாம் நாள் நானே, "தயவு செஞ்சு போய் ஒண்ணு குடிச்சுட்டு வாங்க, இந்த மூஞ்சியப் பார்க்க முடியல" என்று விரட்டிவிட்டேன். போய்க் குடித்துவிட்டுத்தான் வந்தார். பத்து வருஷமாக 'விடுங்க, விடுங்க' என்று சொன்னவளே பத்து நிமிஷம் பொறுக்க முடியாமல் அனுப்பி வைத்தேன். இதை எழுத எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த டாக்டர், "அது அவர் குணம் இல்லம்மா, நிகோடின் இல்லாம மூளை அடம் பிடிக்குது. முதல் சில நாள்தான் உச்சம், மூணு நாலு வாரத்துல தணியும்" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். அதை மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்தே டீ, காபி குடிக்கக் கூடாது. குடித்தால் மருந்து சரியாகச் சேராது. டாக்டர் சொல்லும் அளவுக்கு மேல் போகவும் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டவும் வைக்கக் கூடாது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் முக்கியம். சிகரெட் ஆசை என்பது அலை மாதிரியாம். எழும்பி வந்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் இறங்கிவிடும். அந்த ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் போதும். தள்ளிப் போடுவது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது, தண்ணீர் குடிப்பது, வேறு வேலையில் கையை வைப்பது. இந்த நாலும்தான் வழி.

அதை வீட்டில் இப்படிச் செய்தோம். சாப்பிட்டதும் திண்ணையில் உட்காராமல், கண்மாய்க் கரைவரை இரண்டு பேரும் நடந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை! டீயைக் குறைத்து மோர் கொடுத்தேன். சட்டைப்பையில் சிகரெட் இருந்த இடத்தில் கிராம்பும் பனங்கற்கண்டும் போட்டு வைத்தேன். கை சும்மா இருந்தால்தான் தேடும் என்று, காய வைத்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளக் கொடுத்தேன். மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரில் நிற்கிற கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டோம். ஆசை வந்தால் "ஆரம்பிச்சிருச்சு" என்பார். நாங்கள் எல்லாரும் முள்ளைப் பார்ப்போம். ஒரு தடவை, ஐந்து நிமிஷம் முடிந்ததும் என் மகன் கைதட்டினான்.

இன்னொரு உதவியும் இருக்கிறது. புகையிலையை விட நினைப்பவர்களுக்கு அரசாங்கமே இலவச ஆலோசனை எண் வைத்திருக்கிறது: 1800 11 2356. 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பெட்டியிலேயே அதை அச்சடிக்கிறார்கள். அவர் லீவில் வந்தபோதெல்லாம் எத்தனை பெட்டியைப் பெருக்கிக் குப்பையில் போட்டிருப்பேன்! ஒரு தடவை கூட அந்த எண் என் கண்ணில் படவில்லை. ஒன்று இரண்டாகச் சில்லறையில் வாங்குகிறவர்களுக்கோ அட்டையே கண்ணில் படாது.

கடைசியாக, மனசை உறுத்துகிற ஒரு விஷயம். வீட்டு வேலை அவசரத்தில், "அப்பாவுக்கு ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வா" என்று என் மகனைக் கடைக்கு அனுப்பியவள் நான். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்? 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. கடைக்காரர் கொடுப்பது தப்பு என்றால், அனுப்புகிற நாம் மட்டும் யோக்கியமா? இதை இன்றைக்கே நிறுத்தலாம். இதற்கு டாக்டரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

லீவு முடிந்து அவர் துபாய் போய் நான்கு மாதமாகிறது. அங்கே அந்தக் குழாயைக் கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள். நடுவில் ஒரு தடவை, கூட வேலை பார்ப்பவர் கொடுத்த சிகரெட்டை வாங்கிக் குடித்துவிட்டார். முன்பென்றால் மறைத்திருப்பார், இப்போது அவரே போன் செய்து சொன்னார். நானும் முன்பென்றால் போனை வைத்திருப்பேன். இப்போது, "சரிங்க, நாளைக்கு மறுபடி முதல் நாள்னு வெச்சுக்கலாம்" என்றேன். தினமும் டீ நேரத்துக்கு அவர் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஐந்து நிமிஷம் பேசுகிறோம். சில நாள் பேச எதுவும் இருக்காது, சும்மா லைனில் இருப்போம்.

அவர் முழுசாக விட்டுவிட்டார் என்று இந்தத் தடவை நான் பெருமையடிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். குழாயை மாற்றினால் பழக்கம் போகாது. குத்திக் காட்டினாலும் போகாது. ஆசை வருகிற அந்த ஐந்து நிமிஷத்தில் வீட்டு மனுஷர்கள் கூட நின்றால், போக வாய்ப்பிருக்கிறது.

வாசனையைப் பார்த்து ஏமாறாதீர்கள் சகோதரிகளே. உங்கள் வீட்டிலும் விட முயற்சி செய்கிறவர் யாராவது இருந்தால், அவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கடிகாரத்தைப் பாருங்கள். நான் சொல்வது சரிதானே?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சிக்கல், இராமநாதபுரம் மாவட்டம்.