முட்டுக்கட்டை போடும் படகு

சென்ற வாரம் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். திருபுவனை வந்ததும் பஸ் நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால், கரும்பு ஏற்றிய லாரி ஒன்று சாலையோரச் சேற்றில் சக்கரம் புதைந்து சாய்ந்திருந்தது. ஒரு டிராக்டர் வந்து, இரும்புச் சங்கிலியைப் பூட்டி, உறுமி, புகை கக்கி, ஒரு வழியாக அதை மேலே இழுத்துவிட்டது.

பக்கத்து ஆசனத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும். கடல் பார்க்கப் போகும் குஷியில் இருந்த குழந்தை கேட்டது: "ஏன் ஆயா, கப்பல் மாட்டிக்கிட்டா யாரு இழுப்பாங்க?"

"நான் என்ன கப்பலா ஓட்டினேன்? அந்த அம்மாவைக் கேளு" என்று பாட்டி என்னைக் காட்டிவிட்டாள்.

சகோதரிகளே, அந்தக் குழந்தைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கப்பலை இழுப்பது அதைவிடப் பெரிய கப்பல் அல்ல. ஒரு சின்னப் படகு! இழுவைப் படகு என்று பெயர். துறைமுகத்தில் 'டக்' என்பார்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய எஞ்சின். சுற்றிலும் மாலை மாலையாக டயர்கள். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால், அது இல்லாவிட்டால் பெரிய துறைமுகங்களில் வேலை நடக்காது.

பஸ் வில்லியனூரை அடைந்தது. அங்கே திருக்காமீசர் கோயில் தேரோட்டம் பிரசித்தம் அல்லவா? வடம் பிடிப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தேர் வீதி முனையில் திரும்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. கப்பல் சமாசாரமும் அதேதான்.

நடுக்கடலில் கப்பல் ராஜா. சுக்கானில் தண்ணீர் வேகமாகப் பாயும் வரையில் அது சொன்னபடி திரும்பும். துறைமுகத்துக்குள் வந்து வேகத்தைக் குறைத்ததும் சுக்கான் பேச்சைக் கேட்காது. பிரேக் என்பதும் கிடையாது. பாரம் ஏற்றிய பெரிய கப்பல் ஓடி ஓய்ந்து நிற்கச் சில கிலோமீட்டர் வேண்டும்! அப்போது டக்குகள் வந்து, ஒன்று முன்னால் இழுக்க, ஒன்று பக்கத்தில் தள்ள, கப்பலைப் பதமாகக் கரையோடு சேர்க்கின்றன. எஞ்சின் இல்லாத சரக்குப் படகுகளை இழுப்பது, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளை இடம் மாற்றுவது, தீப்பிடித்த கப்பல் மேல் தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் அவற்றின் வேலைதான்.

முட்டுக்கட்டை இல்லாத தேர் என்ன ஆகும்? 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் அதைப் பார்த்தோம். 'டாலி' என்ற கப்பல். ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். மாலுமிகளில் பெரும்பாலோர் நம் இந்தியர்கள். இரண்டு டக்குகள் அதைத் துறையிலிருந்து விலக்கித் திசை திருப்பிவிட்டு, வழக்கம்போல் விடைபெற்றன. சற்று நேரத்தில் கப்பலில் மின்சாரம் நின்றுபோயிற்று. டக்குகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவை வருவதற்குள் கப்பல் பாலத்தில் மோதி, பாலம் சரிந்தது. மேலே சாலை செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேர் மாண்டார்கள்.

சமயத்தில் வந்து சேர்ந்த கதையும் உண்டு. 2020 செப்டம்பர் 3 அன்று இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்கு வந்துகொண்டிருந்த கப்பல் அது. உள்ளே சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய்! மாலுமி ஒருவர் இறந்தார். 22 பேர் பிழைத்தார்கள். எரியும் கப்பல் கரையை நோக்கி மிதந்து வந்தது. இலங்கைக் கடற்படையும் நமது கடலோரக் காவல் படையும் தீயோடு போராட, டக் ஒன்று வடம் பூட்டி அதை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றது. எண்ணெய்த் தொட்டிகள் தப்பின. அவை உடைந்திருந்தால் அந்தக் கரையில் மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பு எப்படி எரியும்?

இதில் இழுப்பவர்களுக்கும் அபாயம் உண்டு. இறுகிய வடம் அறுந்தால் சவுக்காய்ச் சுழன்று வந்து ஆளையே அடித்துவிடும். பக்கவாட்டில் இழுபட்டால் டக் கவிழ்ந்துவிடும். கூலியோ, கடலில் நெடுநாளைய வழக்கப்படி, 'கப்பலைக் காப்பாற்றினால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை' என்பது! எந்தத் தொழிலாளி அப்படி ஒப்புக்கொள்வான், சொல்லுங்கள்!

புதுச்சேரி பஸ் நிலையம் வந்துவிட்டது. இறங்கப் போன குழந்தை திரும்பிப் பார்த்து, "அந்த டக்கு மாட்டிக்கிட்டா யாரு இழுப்பாங்க?" என்றது.

"இன்னொரு டக்குதான், கண்ணு" என்றேன்.

பாட்டி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அதானே பாத்தேன். சின்னதுக்குச் சின்னதுதான் தொணை. பெரிசு எங்கே வந்து இழுக்கப் போவுது!"