மேய்ச்சல் நிலமும் மழைக்கால ஓய்வும்

அருணாசலத்தின் சரிவுகளில் ஆடுமாடு மேயலாமா, கூடாதா என்ற கேள்வி திருவண்ணாமலைக்குப் புதிதன்று. மலை மொட்டையானதற்கு ஆடுகளே காரணம், அவற்றை அடியோடு தடுக்க வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். பரம்பரை பரம்பரையாக மேய்த்துவந்த ஏழைகளின் வயிற்றில் அடிக்கலாகாது என்கின்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் நேர்மையுடனேயே பேசுகின்றனர். ஆயினும், எந்த மாதத்தில் மேயலாம், எந்த மாதத்தில் மேயலாகாது என்பதை இருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நம் அபிப்பிராயத்தில் விவகாரம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

கோடையில் புல் காய்ந்து சருகாகிவிடுகிறது. ஆனால் அது இறந்துவிடுவதில்லை. பல ஆண்டு வாழும் புல்லின் உயிர் தூரிலும் வேரிலும் ஒடுங்கியிருக்கிறது. முதல் மழை விழுந்ததும் அங்கே சேமித்துவைத்த சத்தைச் செலவிட்டே அது தளிர் விடுகிறது. தளிர் இலையாகி, இலை வெயிலைக்கொண்டு உணவு சமைத்து, செலவான முதலை வேருக்குத் திருப்பிக் கொடுக்கச் சில வாரங்கள் ஆகின்றன. அந்த வாரங்களில்தான் நம் ஊர் மந்தைகள், மாதக் கணக்காகப் பசித்திருந்துவிட்டு, பச்சையைக் கண்ட மாத்திரத்தில் அதன்மேல் பாய்கின்றன. தளிர் கடிபட்டதும் புல் மீண்டும் முதலிலிருந்து எடுத்துச் செலவிடுகிறது. மறுபடியும் கடிபட்டால் மறுபடியும் செலவு. இவ்விதம் வரவின்றிச் செலவு செய்யும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கிரைடர் என்பவர் 1955-ல் வெளியிட்ட பரிசோதனைகள் இதை அளந்தே காட்டின. இலையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை வெட்டினால் வேர் வளர்ச்சி பெரும்பாலும் தடைப்படவில்லை. எண்பது பங்கை ஒரே தடவையில் வெட்டியபோது பன்னிரண்டு நாட்கள் வேர் வளராமலே நின்றது. வேர் ஆழ இறங்காத புல், அடுத்த வறட்சியில் தண்ணீரை எட்டிப் பிடிக்க முடியாமல் மடிகிறது.

அளவு குறைவது ஒரு நஷ்டம். இனம் குறைவது அதைவிடப் பெரிய நஷ்டம். மாடும் ஆடும் எல்லாச் செடியையும் சமமாகத் தின்பதில்லை. ருசியுள்ளதை முதலில் தேடித் தின்று, கசப்பானதையும் முள்ளுள்ளதையும் விட்டுவைக்கின்றன. ஆகவே ஓய்வில்லாத மேய்ச்சலில் நல்ல புற்களும், மண்ணுக்கு உரமூட்டும் பயறுக் கொடிகளும் கதிரும் காயும் விடுமுன்பே அழிகின்றன. அவற்றின் இடத்தில் முதலில் ஊசிப்புல் போன்ற கரடுமுரடான வகைகள் பரவுகின்றன. பிறகு ஓராண்டுப் பூண்டுகள் மட்டும் மிஞ்சுகின்றன. கடைசியில் ஆவாரையும் எருக்கும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் ஆட்சி செய்கின்றன. தென்னிந்தியத் தீபகற்பத்தின் புல்வெளிகள் இவ்வாறு படிப்படியாகத் தாழ்வதை, டபட்காவ், சங்கரநாராயணன் ஆகிய இருவர் நாடு முழுவதும் ஆராய்ந்து 1973-ல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கின்றனர். பூமி பச்சையாகத்தான் தெரியும். ஆனால் அதில் மாட்டுக்கு ஒரு வாய் இராது.

இதற்குப் பரிகாரம் சீமையிலிருந்து வர வேண்டியதில்லை. கொங்கு நாட்டில், காங்கயத்தைச் சுற்றிய வறண்ட பிரதேசத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சற் காடுகள் இருக்கின்றன. அங்கே பெய்யும் மழை திருவண்ணாமலையில் பெய்வதைவிட வெகு குறைவு. முள்கிளுவையால் உயிர்வேலி கட்டி, உள்ளே வெள்வேல மரங்களை நிழலுக்கும் காய்க்கும் விட்டு, கீழே கொழுக்கட்டைப்புல்லை வளர்க்கின்றனர் அப்பகுதிக் குடியானவர்கள். நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றொன்றை அடைத்துவைக்கின்றனர். மழை பெய்தவுடன் படலைத் திறந்து மாட்டை உள்ளே ஓட்டுவது அவர்களுடைய வழக்கமன்று. புல் தழைத்துத் திடம்பெற அவகாசம் கொடுத்த பிறகே ஓட்டுகின்றனர். பெயர்பெற்ற காங்கயம் மாட்டினம் இந்தப் புல்லிலே வளர்ந்தது. கார்த்திகைத் தீபத்தையொட்டி மாட்டுச்சந்தை கூடும் நம் ஊரில், நல்ல காளையைத் தட்டிப் பார்த்து விலை பேசுகிறவர்கள், அது எத்தகைய புல் தின்றது என்பதையும் விசாரித்தால் நலம்.

கொறங்காட்டில் செல்லும் முறை நம் மந்தைவெளியிலும் மலைச்சரிவிலும் ஏன் செல்லவில்லை? காரணம் எளிது. கொறங்காடு ஒருவருடைய சொந்த நிலம். இன்று அடைத்துவைக்கிறவனே நாளை அதன் பலனை அனுபவிக்கிறான். பொது நிலத்தில் ஒருவன் தன் ஆட்டைக் கட்டிவைத்தால், அவன் விட்டுவைத்த புல்லை அடுத்த தெருவான் ஆடு தின்றுவிடும். தனி மனிதனின் பொறுமைக்கு அங்கே கிடைப்பது நஷ்டமே. ஆகையால் ஆடு மேய்ப்பவர்களை அறியாமை பிடித்தவர்கள் என்று நிந்திப்பது நியாயமன்று. ஊரார் எல்லாரும் சேர்ந்து ஒப்பினாலன்றி ஒருவரும் ஒப்ப முடியாத காரியம் இது.

இன்னொரு ஆக்ஷேபணையும் உண்டு. அதை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். மழைக்காலத்தில்தான் வயல்களில் பயிர் நிற்கிறது. கழனியில் மேய்க்க இடமில்லாத அந்த மாதங்களிலேயே பொது நிலம் அதிகம் தேவைப்படுகிறது. அப்போது அடைத்தால் நிலமில்லாதவனின் நாலு ஆடுகள் எங்கே போகும்? இதனால்தான் முழு நிலத்தையும் ஒருசேர அடைக்கச் சொல்லலாகாது. மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கை மட்டும் முதல் மழை தொடங்கி விதை உதிரும்வரை விட்டுவைத்தால், மூன்றாண்டில் நிலம் முழுவதும் ஒரு முறை விதைத்துக்கொள்ளும். அடைத்த பங்கில் விதை உதிர்ந்தபின் புல்லை அறுத்துச் சுமக்கும் உரிமையை, ஆடு மட்டுமே வைத்திருக்கும் குடும்பங்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும்.

எக்காலத்துக்கும் தடை என்று சொல்வோருக்கு பரத்பூரின் கதையை நினைவூட்டுகிறோம். இராஜஸ்தானத்தின் அந்தப் பறவைச் சரணாலயத்தில் 1982-ல் மேய்ச்சல் திடீரென்று தடுக்கப்பட்டது. எதிர்த்த கிராமத்தார்மீது போலீஸார் சுட்டதில் உயிர்கள் போயின. அதன்பின் நடந்ததென்ன? எருமைகள் மேயாத நீர்நிலைகளில் ஒருவகைப் புல் மிதமிஞ்சி வளர்ந்து, பறவைகள் இரை தேடும் இடத்தையே மூடிவிட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல ஆண்டுகள் ஆராய்ந்து, மேய்ச்சலும் அந்த இடத்தின் வாழ்வில் ஓர் அங்கமே என்ற முடிவுக்கு வந்தனர். மேய்ச்சலே இல்லாத இடத்தில் உயர்ந்த புல் சிறு பூண்டுகளை மூடிக் கொல்கிறது. காய்ந்த புல்லோ தீக்கு இரையாகிறது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து நம் மலையில் மரக்கன்றுகளை நட்டு வளர்த்தவர்கள், ஒவ்வொரு கோடையிலும் காய்ந்த புல்லில் பற்றும் தீயோடு பட்ட பாடு ஊரறிந்தது. விதை உதிர்ந்தபின் அளவாக அறுக்கப்பட்ட சரிவில் தீக்கு அவ்வளவு தீனி இராது.

தடையுத்தரவின் சரித்திரம் நம் மாகாணத்தில் கசப்பானது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், ஊரார் வழக்கமாக மேய்த்த காடுகளை ஒதுக்கி, அனுமதிச் சீட்டையும் கட்டணத்தையும் புகுத்திற்று. அந்தக் கட்டணத்தை எதிர்த்து 1921-ல் குண்டூர் ஜில்லாவின் பல்நாட்டு மக்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். 1922-ல் கன்னெகண்டி ஹனுமந்து அங்கே சுடப்பட்டு உயிர் நீத்தார். சுதந்திரம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் நிறையும் தறுவாயில், 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்தது. மலைமாடு வளர்ப்போர் கலங்கி முறையிட்டபின், அதே மாதத்தில் அந்தத் தடை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. நீதிமன்றத்தின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் எந்தச் சரிவில் புல் எப்போது கதிர் விடுகிறது என்பதை உயர்நீதிமன்ற மேடையிலிருந்து காண்பது எங்ஙனம்?

அதைக் காணக்கூடியவர்கள் ஊரார்தாம். அதிகாரமும் பெருமளவு அவர்களிடமே இருக்கிறது. மேய்க்கால் புறம்போக்கு 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராமப் பஞ்சாயத்தின் பரிபாலனத்துக்கு உட்பட்டது. பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டுமென்று 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாகாண சர்க்கார்களுக்கும் கட்டளையிட்டிருக்கிறது. மலையின் சரிவுகளைப் பொறுத்தமட்டில் வனத்துறையின் சம்மதம் வேண்டும். ஊராரோடு உடன்பட்டுக் காடு வளர்ப்பது அத்துறைக்குப் புதிய பாடமன்று. 1997-ல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்களை அமைத்தவர்கள் அவர்களே.

ஆண்டுதோறும் மே 1-ஆம் தேதி கிராமசபை கூடுகிறது. தென்மேற்குப் பருவத்தின் மழை இந்த ஜில்லாவை எட்டுவதற்குச் சில வாரங்கள் முந்திய நாள் அது. வரும் மே முதல் தேதியன்று மலையைச் சுற்றியுள்ள ஒரு கிராமமாவது தன் மேய்க்காலை மூன்றாகப் பிரித்து, முதல் பங்கின் எல்லையைக் குறித்து, ஆடு மேய்ப்பவர்களையும் அழைத்துவைத்துத் தீர்மானம் செய்யட்டும். விட்டுவைத்த பங்கில் என்னென்ன முளைத்தன, பக்கத்துப் பங்கில் என்ன மிஞ்சின என்பதை அடுத்த தீபத்தின்போது யார் வேண்டுமாயினும் நடந்து சென்று எண்ணிப் பார்க்கலாம். நாமும் வருகிறோம்.